ஒவ்வாமை: இல்லை

இந்தக் கணினி அச்சு வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் என்னைப் பார்க்க வரும்போது தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மேடம், குவெரி போட்டா ஒண்ணுமே வரலேன்னா அந்த எடத்துல இன்னா போடறது?" ஒரு கோடு போடட்டுமா, சைபர் போடட்டுமா, 'இல்லை' என்று போடட்டுமா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். பதில் கிடைத்துவிட்டால் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

எனக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்தாலே கோபம் வருகிறது. கேட்பவர் மேல் வருவதில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு முறை சிலர் சொன்ன பதிலை நினைத்து வருகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு முடிவு உங்கள் கையில் இருக்கிறது.

நாங்கள் வைத்திருந்த மென்பொருள் கருவி செய்யும் வேலை எளிமையானது. பக்கத்தை ஒரு முறை அழகாக வடிவமைத்து வைப்போம். பெயர் வர வேண்டிய இடத்தில், 'இந்தப் பதிவு எண்ணுக்கு உரியவரின் பெயரை எடுத்து வா' என்று தரவுத்தளத்துக்கு ஒரு கேள்வியை எழுதி வைப்போம். அதைத்தான் குவெரி என்கிறோம். கருவி ஒவ்வொரு ஆளுக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டு, வந்த விடையை அந்த இடத்தில் பொருத்தி, ஆளுக்கொரு புத்தகமாக அச்சுக்குத் தயார் செய்து கொடுத்துவிடும். எந்தத் தரவுத்தளம், உள்ளே நுழைய என்ன கடவுச்சொல், தமிழ் எழுத்து உடையாமல் வர என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் கருவியை இயக்கும் அமைப்புக் கோப்பில் இருக்கும். கையேட்டைப் பார்த்து யார் வேண்டுமானாலும் அதை எழுதிவிடலாம். ஆனால் அதே கோப்பில் இன்னொரு வரி உண்டு. விடை எதுவும் வராவிட்டால் என்ன செய்வது? வேலையை நிறுத்தவா, இடத்தை வெறுமையாக விடவா, நீ சொல்லும் ஒரு சொல்லைப் போடவா? அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கதை.

அப்போது எங்கள் அலுவலகம் திருவண்ணாமலை வேங்கிக்காலில், ஆட்சியர் அலுவலகத்தைத் தாண்டி ஒரு மாடியில் இருந்தது. கல்லூரி அடையாள அட்டை, கூட்டுறவுச் சங்க அறிக்கை, அழைப்பிதழ் என்று எது வந்தாலும் செய்வோம். ஒரு தனியார் மருத்துவமனை பெரிய வேலை ஒன்றைக் கொடுத்தது. அவர்களிடம் தொடர்ந்து சிகிச்சைக்கு வரும் கிராமத்து நோயாளிகளுக்கு ஆளுக்கொரு 'உடல்நலப் புத்தகம்'. பெயர், ஊர், ரத்த வகை, என்ன நோய், என்ன மாத்திரை, எந்த மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. எந்த ஊர் டாக்டரிடம் போனாலும் இதைக் காட்டினால் போதும் என்பது திட்டம். நல்ல திட்டம்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தரவுத்தளத்தின் நகலை வாங்கி, கேள்விகளை எழுதி, முதல் ஓட்டம் விட்டேன். அங்கேயே தலைவலி ஆரம்பித்தது. 'ஒவ்வாமை' என்ற இடத்தில் நிறைய பேருக்கு விடையே வரவில்லை. ஏன் என்று மருத்துவமனையில் கணினிப் பிரிவைக் கேட்டேன். சிலரிடம் யாரும் கேட்கவே இல்லையாம். சிலரிடம் கேட்டு டாக்டர் சீட்டில் எழுதியிருக்கிறார், கணினியில் ஏற்றவில்லை. பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறியபோது சிலருடையது வந்து சேரவில்லை. ஆக, விடை வரவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நமக்குத் தெரியாது. இவருக்கு எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளும் என்று அது சொல்லவில்லை.

அதனால் விடை வராத இடத்தில் ஒரு வெற்றுக் கட்டமும், கீழே 'நோயாளியிடம் கேட்டு எழுதவும்' என்ற வாசகமும் வரும்படி கோப்பில் எழுதினேன். மாதிரியை எடுத்துக்கொண்டு மருத்துவமனை மேலாளர் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். உட்காரக்கூட இல்லை.

"இன்னா மேடம் இது? புக்கு பூரா கட்டம் கட்டமா கெடக்குது. எங்க டாக்டருங்க எதையுமே கேக்கலன்னு நாங்களே ஊருக்குச் சொல்லிக்கிற மாதிரி இருக்குது."

"கேக்கலன்றது உண்மைதானே சார்?"

அவர் முகம் சிவந்துவிட்டது. எங்கள் முதலாளியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "கட்டம் வேணாம் சார். ஒண்ணும் வரலேன்னா 'இல்லை'னு போட்டுட்டா நீட்டா இருக்கும்."

"அது பொய் சார்," என்றேன். "தெரியலன்னு வேணும்னா போடறேன். இல்லைனு போட மாட்டேன்."

முதலாளி இரண்டு பக்கமும் சிரித்துவைத்தார். அவருக்கு அந்தச் சிரிப்பு ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் மருந்து. "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்," என்று மேலாளரை வழியனுப்பி வைத்தார். கட்டம் இருக்கட்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் என் தங்கை மகளுக்குத் திருமணம். விடுப்பில் போனேன். திரும்பி வந்தது ஒரு பௌர்ணமி நாள். என் மேசைக்குப் பக்கத்து மேசையில் கோமதி. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கும், வேலையில் கெட்டி. அன்று என் முகத்தைப் பார்க்காமலேயே வணக்கம் சொன்னாள். அவள் மேசையில் அந்தப் புத்தகத்தின் அச்சான பக்கங்கள் சில கிடந்தன. எடுத்துப் பார்த்தேன்.

ஒவ்வாமை: இல்லை. அடுத்த பக்கம், ஒவ்வாமை: இல்லை. அடுத்ததும் அதுவே. கட்டத்தைக் காணோம். பார்க்கப் பளிச்சென்று இருந்தது.

"யார் மாத்தினது?"

"நான்தான் மேடம். சார் சொன்னாரு. மேனேஜர் போன்ல ரொம்பக் கத்தினாராம். ஒரு வரிதானே, மாத்திடுன்னாரு."

"புக்கெல்லாம் எங்க?"

"நேத்தே போயிடுச்சு மேடம். இன்னைக்குக் கேம்ப். கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்துல குடுக்கறாங்க."

முதலாளியின் அறைக் கதவைத் தட்டினேனா, தள்ளினேனா என்று நினைவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"மேடம், டென்ஷன் ஆவாதீங்க. அலர்ஜி இருக்கறவங்க ரொம்பக் கம்மி. அப்படியே இருந்தாலும் அவங்களே வாயால சொல்லிட மாட்டாங்களா? கஸ்டமர் கேட்டதக் குடுத்தோம். நம்ம வேலை பிரிண்ட் பண்றது."

அந்தக் கடைசி வாக்கியத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நம் வேலை அச்சடிப்பது. எதை அச்சடிக்கிறோம் என்பது யாரோ ஒருவருடைய வேலை. அந்த யாரோ கடைசிவரை எந்த அறையிலும் இருக்க மாட்டார்.

"நீங்க மேனேஜருக்குப் போன் பண்ணிக் குடுக்கறத நிறுத்தச் சொல்றீங்களா, இல்ல நான் நேராப் போவட்டுமா?"

அவர் போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேலாளர் எடுக்கவில்லை. முதலாளி போனைக் கீழே வைத்துவிட்டு, "பாத்தீங்களா, முயற்சி பண்ணிட்டேன்," என்பதுபோலக் கையை விரித்தார்.

பௌர்ணமி அன்று நம் ஊரில் பஸ் எங்கே நிற்கும் என்று பஸ்ஸுக்கே தெரியாது. ஆட்டோக்காரர்கள் கிரிவலக் கூட்டத்தை விட்டுவிட்டு கீழ்பென்னாத்தூர் பக்கம் வர மாட்டார்கள். நான் படியில் இறங்கிக்கொண்டிருக்கும்போது பின்னாலேயே கோமதி ஓடி வந்தாள். "மேடம், என் வண்டியில போலாம்." அவள் ஸ்கூட்டியில் ஏறினேன்.

வெளியூர்க் கார்களுக்கும் தடுப்புகளுக்கும் நடுவே நெளிந்து ஊரைத் தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வழியெல்லாம் அவள் அழுதுகொண்டே ஓட்டினாள்.

"சார் சொல்லும்போது நான் எப்படி மேடம் முடியாதுன்றது?"

"இப்ப நீ எங்கூட வரல? யாரு சொல்லி வந்தே?"

எனக்கு அவள் மேலும் கோபம்தான். அதை மறைக்க விரும்பவில்லை. அந்த வரியை மாற்றும்போது அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியும். கட்டம் எதற்கு என்று நான் அவளிடம் விளக்கியிருக்கிறேன். எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். கல்யாண வீட்டில் இருந்தாலும் எடுத்திருப்பேன். ஆனால் என் கோபத்தில் அவளுக்குச் சேர வேண்டிய பங்கு சிறியது. பெரிய பங்கு, அவளிடம் மாற்றச் சொன்னவர்களுக்கு.

மண்டபத்தில் கூட்டம் அலைமோதியது. வாசலில் பந்தல், உள்ளே வரிசை வரிசையாக நாற்காலி. புத்தகங்களை ஒரு மேசையில் ஊர்வாரியாகப் பிரித்து வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலாளர் மேடையில் யாருக்கோ சால்வை போர்த்திக்கொண்டிருந்தார். போனை ஏன் எடுக்கவில்லை என்று அப்போது புரிந்தது.

நான் அவரிடம் போகவில்லை. நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரிடம் போனேன். இளம் பெண். "வரிசையில வாங்கம்மா," என்றார், தலையைத் தூக்காமல். நான் வழியில் எடுத்த ஒரு புத்தகத்தை அவர் முன்னால் விரித்து, அந்த வரியில் விரலை வைத்தேன். "டாக்டர், இந்த 'இல்லை' பொய். யாருகிட்டயும் கேக்காம போட்டது. இத நம்பி ஊசி போட்டுடாதீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பின்னால் நின்றிருந்த ஒரு பெரியவர், எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர், தன் புத்தகத்தை நீட்டினார்.

"ஏம்மா, எனக்குக் காய்ச்சல் மாத்திரை ஒண்ணு ஒத்துக்காதுன்னு முன்ன பெரிய டாக்டரு சொன்னாரு. தின்னா மூஞ்சி வீங்கிடும். இதுல இல்லைனு போட்டிருக்கறதப் பாத்துட்டு, சரி, வைத்தியம் பாத்ததுல போயிடுச்சாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். அப்ப போவலியா?"

டாக்டர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அவரைப் பார்த்தார். அப்புறம் எழுந்து நின்று, மண்டபமே திரும்பிப் பார்க்கும் குரலில், "புக்கு குடுக்கறத நிறுத்துங்க!" என்று கத்தினார். மேலாளர் சால்வையோடு ஓடி வந்தார். "இன்னா மேடம், ஃபங்ஷன் நடக்குது..." என்று ஆரம்பித்தவரை டாக்டர் ஒரு பார்வையில் நிறுத்தினார். அந்த டாக்டரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அன்று அங்கே சரியாக யோசித்தவர் அவர் ஒருவர்தான். மைக்கை வாங்கி, புத்தகம் வாங்கியவர்கள் யாரும் வெளியே போக வேண்டாம், திருப்பிக் கொடுங்கள் என்று அவரே சொன்னார்.

நானும் கோமதியும் நாற்காலி நாற்காலியாகப் போய்ப் புத்தகங்களை வாங்கினோம். பலர் கொடுக்க மாட்டேன் என்றார்கள். "குடுத்துட்டுப் புடுங்கறியா?" என்று ஒரு அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். அவரிடம் விளக்கிக்கொண்டிருக்கும்போதுதான் வாசல் பக்கம் இருந்த ஒருவர் சொன்னார். "எங்க ஊரு பச்சையம்மா காலையிலயே வாங்கினு போயிடுச்சே. கால்ல புண்ணு, ரொம்ப நேரம் நிக்க முடியலன்னு டவுன் கிளினிக்குக்குப் போச்சு."

அந்தக் கிளினிக் கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில் இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் செருப்புகள் சிதறிக் கிடந்தன. உள்ளே யாரும் இல்லை. மருந்துக் கடைப் பெண் சொன்னாள்: "ஊசி போட்டதும் மூச்சு முட்டிப் போச்சு. டாக்டரே ஆம்புலன்ஸ்ல ஏத்திக்கிட்டுத் திருவண்ணாமலை பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டாரு."

பச்சையம்மாள் பிழைத்துக்கொண்டார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளினிக் டாக்டரிடம் ஒவ்வாமையை முறிக்கும் மருந்து இருந்தது, உடனே போட்டார், அரசு மருத்துவமனையில் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அன்று மாலை வார்டு வாசலில் அவர் கணவர் ஏழுமலை எங்களிடம் சொன்னதை நீங்கள் கேட்க வேண்டும். மணிலாக் கடலை வயலிலிருந்து நேராக வந்திருந்தார், காலில் மண் காயவில்லை.

"எம் பொண்டாட்டி சொல்லியிருக்குதும்மா. ஏதோ ஒரு ஊசி எனக்கு ஆவாது, பேரு நெனப்புல இல்லன்னு சொல்லியிருக்குது. அந்த டாக்டரு புக்கப் பாத்துட்டு, 'இதுல இல்லைனு போட்டிருக்குதேம்மா, பயப்படாத'ன்னு சொல்லிட்டுப் போட்டிருக்காரு. அது பேச்ச வுட்டுட்டு புக்கு பேச்சக் கேட்டுட்டாங்க."

வாயால் சொல்லிவிட மாட்டார்களா என்று எங்கள் முதலாளி கேட்டாரே. சொன்னார். அச்சடித்த எழுத்து பச்சையம்மாள் சொன்னதை வாயிலேயே அடைத்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து மருத்துவமனை எங்களை அழைத்தது. குளிரூட்டிய அறை, நீள மேசை. மேலாளர், மருத்துவமனையின் பெரிய டாக்டர், எங்கள் முதலாளி, நான், கோமதி. ஏழுமலையையும் வரவழைத்து ஒரு ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். மேலாளர்தான் பேசினார். மென்பொருளில் ஒரு கோளாறு ஏற்பட்டுவிட்டது, அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவரின் கவனக்குறைவு, அவர் வருத்தம் தெரிவிப்பார். எல்லாம் முன்பே பேசி வைத்த மாதிரி வரிசையாக வந்தது. எங்கள் முதலாளி தலையாட்டினார். கோமதி எழுந்து நின்றாள்.

நான் அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"கோளாறுன்னா இன்னான்னு தெரியுமா சார்?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நாம ஒண்ணு சொல்லி மெஷின் வேற ஒண்ணு செஞ்சா அது கோளாறு. அன்னைக்கு மெஷின் சொன்னதச் செஞ்சுது. இல்லைனு போடுன்னு நீங்க கேட்டீங்க. எதுக்கால நின்னுக்கினு கேட்டீங்க. பொய்னு சொன்னேன். நான் இல்லாத நேரம் பாத்து எங்க சாரு மூலமா மாத்த வெச்சீங்க. இந்தப் பொண்ணு மாத்துச்சு, அது தப்பு, அத அவகிட்ட தனியா நானே கேட்டாச்சு. ஆனா இங்க மொதல்ல எழுந்து நிக்க வேண்டியது அவ இல்ல."

எங்கள் முதலாளி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர், "மேடம் எமோஷனலா பேசறாங்க," என்றார் பெரிய டாக்டரிடம்.

ஏழுமலை மெதுவாக எழுந்தார். மேலாளரைப் பார்த்தார். "ஏன் சார் அப்படிப் போடச் சொன்னீங்க?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்.

மேலாளர் கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீட்டாக இருக்கட்டும் என்று கேட்டேன் என்று அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வார்? அவரால் அதைச் சொல்ல முடியாமல் போனதுதான் அந்த அறையில் நான் பார்த்த நியாயம். பெரிய டாக்டர் எல்லாப் புத்தகங்களையும் அழித்துவிட்டு, கட்டம் போட்டு மறுபடி அச்சடிக்கச் சொன்னார். ஒவ்வொருவரையும் கேட்டு எழுத நர்சுகளை ஊர் ஊராக அனுப்புவதாகச் சொன்னார், அனுப்பவும் செய்தார். பச்சையம்மாளின் வைத்தியத்தை மருத்துவமனை ஏற்றுக்கொண்டது. மேலாளருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், அங்கே நாற்காலி இன்னும் பெரியது என்று கேள்வி. எங்கள் முதலாளி என்னிடம் வேலை தவிர வேறு எதுவும் பேசுவதை நிறுத்திக்கொண்டார். நான் ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டபோதும் முகத்தைப் பார்க்கவில்லை. கோமதி வேலையை விடவில்லை. அதன் பிறகு அவள் யார் சொன்னாலும் காரணம் கேட்காமல் ஒரு வரியையும் மாற்றியதில்லை. அதற்காக அவளைத் திமிர் பிடித்தவள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். சொல்லட்டும்.

நீங்கள் இந்தக் கருவியைக் கையில் எடுக்கும்போது உங்களிடமும் ஒருவர் வந்து நிற்பார். அழகாக இருக்கட்டும், நேரமில்லை, ஒரு வரிதானே என்பார். அவர் கெட்டவராக இருக்க மாட்டார், அவசரத்தில் இருப்பார். தெரியாததைத் தெரியாது என்று அச்சடிக்க அவருக்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்துக்கு விலை கொடுப்பவர் உங்கள் அறையில் இருக்க மாட்டார், அவருக்காகப் பேச நீங்கள் மட்டுமே இருப்பீர்கள். கோபப்படுங்கள். மரியாதையாக, ஆனால் விடாமல். வேலை போய்விடும் என்று பயமாக இருந்தால் அந்தப் பயத்தோடேயே மறுத்துப் பேசுங்கள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

புதுப் புத்தகங்கள் அச்சாகி வந்த வாரம், ஒரு மதியம் பச்சையம்மாள் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். மருத்துவமனை ஆட்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த புத்தகம் கையில் இருந்தது. நான் எதிர்பார்த்ததைவிடச் சின்ன வயது, நாற்பதைத் தாண்டியிருக்காது. காலில் கட்டு இருந்தது. யார் இதை அச்சடித்தது என்று கேட்டார். நான் எழுந்தேன், கோமதியும் எழுந்தாள்.

புத்தகத்தைப் பிரித்து, அந்தப் பக்கத்தை மேசைமேல் வைத்தார். கட்டம் காலியாக இருந்தது. நர்ஸ் எழுத வந்ததாகவும் தான் எழுத விடவில்லை என்றும் சொன்னார்.

"பெரியாஸ்பத்திரியில எனக்கு ஆவாத மருந்து பேரு சொன்னாங்க. பென்சிலின்."

கோமதி அவசரமாகப் பேனாவை எடுத்தாள். "குடுங்கக்கா, நான் எழுதித் தரேன்."

"நீங்க எழுதினதெல்லாம் போதும். பேனாவக் குடு."

கோமதி கொடுத்தாள். பச்சையம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். அழுத்தி எழுதியதில் அடுத்த பக்கத்திலும் பள்ளம் விழுந்தது. எழுதி முடித்து ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். மூடி, முந்தானையில் சுற்றிக்கொண்டார்.

"இனிமே எவன் கேட்டாலும் இந்த ஒரு வரியத்தான் காட்டுவேன்," என்றார். "மத்தது எது நெசம், எது பொய்யின்னு நீங்களே வெச்சுக்குங்க."

பேனாவைக் கோமதியின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.